ஆய்வுக்கூடத்தின் பின்கட்டுக்கு ஒரு நடை

ஆய்வுக்கூடம் என்றால் நமக்கு அதன் முன்கட்டு மட்டும்தான் தெரியும். பளபளக்கும் கருவிகள், சுவரில் வண்ண வரைபடம், வெளிவந்த கட்டுரை, வாங்கிய பரிசு. பின்கட்டுக்கு யாரும் நம்மை அழைத்துப் போவதில்லை. அங்கேதான் காபி ஆறிக்கொண்டிருக்கும், காகிதம் குவிந்து கிடக்கும். "ராத்திரி முழுக்கச் சாதுவாக இருந்த கருவி, விடிந்ததும் பேயாட்டம் ஆடுகிறதே, ஏன்?" என்று ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். காரணம் தெரியாத அந்த நேரம் இருக்கிறதே, விஞ்ஞானத்தில் அதைவிடச் சுவையான நேரம் கிடையாது என்பேன்! வாருங்கள், இன்று நேராகப் பின்கட்டுக்கே போய்விடலாம். ஒரு பேய், இரண்டு புறா, ஒரு ரயில், ஒரு மைக்ரோவேவ் அடுப்பு, கடைசியில் நம் கோலார் தங்கவயலின் அடியாழத்தில் இன்னும் அவிழாத ஒரு முடிச்சு. எல்லாம் அங்கே இருக்கின்றன.

முதலில் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்க்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆடு மேயும் வெளிக்கு நடுவே, 64 மீட்டர் விட்டத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. 1961இல் திறக்கப்பட்டது. 1969இல் நிலவில் மனிதர் நடந்த காட்சியை உலகம் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததே, அதில் பெரும்பகுதி இந்தத் தட்டு வழியாகத்தான் வந்தது. பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பைக்கூடப் பிடித்துவிடும் காது இது. அதனால் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் சொல்வதே செல்போனை அணைத்துவிடுங்கள் என்பதுதான்.

இவ்வளவு காவல் உள்ள இடத்தில் 1998இலிருந்து ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. சட்டென்று ஒரு துடிப்பு வரும், கால் நொடிதான், போய்விடும். ஆண்டுக்குச் சில தடவை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விண்வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. வழியில் சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்களைத் தாண்டி வருவதால், கோயில் ஊர்வலத்தில் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஓடிவர, பெரியவர்கள் பின்னால் நடந்து வருவதைப்போல, அதிர்வெண் கூடிய அலைகள் முதலில் வந்து சேரும், குறைந்தவை தாமதமாக வரும். இந்த மர்மத் துடிப்பும் கிட்டத்தட்ட அப்படியே வந்தது! ஆனால் பார்க்ஸ் தட்டுக்கு ஒரே நேரத்தில் வானத்தின் 13 புள்ளிகளைப் பார்க்கும் கருவி உண்டு. தொலைதூர விண்மீன் என்றால் ஏதாவது ஒரு புள்ளியில்தான் பளிச்சென்று தெரிய வேண்டும். இது 13 புள்ளியிலும் ஒன்றாகத் தெரிந்தது. அப்படியானால் பக்கத்திலேயே ஏதோ இருக்கிறது. என்ன அது?

சாரா பர்க்-ஸ்போலயோர் என்ற வானியலாளர் இந்தத் துடிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, போர்ஹெஸ் எழுதிய கற்பனை உயிரினங்கள் பற்றிய நூலிலிருந்து பெரைட்டன் என்ற பெயரை எடுத்து வைத்தார். மான் தலையும் பறவைச் சிறகும் கொண்ட, தரையில் மனித நிழலை வீழ்த்தும் பிராணி அது. விஷயம் விளையாட்டல்ல. 2007இல் டங்கன் லோரிமர் குழு, பார்க்ஸ் 2001இல் பதிவு செய்து வைத்திருந்த தரவைக் கிளறி, வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்ததாகத் தோன்றிய ஒற்றைத் துடிப்பைக் கண்டுபிடித்திருந்தது. அது உண்மையானால் வானியலில் புத்தம் புதிய அத்தியாயம். பெரைட்டனும் அதன் சாயலில் இருக்கிறதே, அப்படியானால் அந்தக் கண்டுபிடிப்பும் ஏதோ உள்ளூர்ச் சங்கதிதானா? பல ஆண்டு உழைப்பு இந்தக் கேள்வியில் தொங்கியது.

துப்பு எங்கே கிடைத்தது தெரியுமா? கடிகாரத்தில்! பெரைட்டன்கள் வேலை நாட்களில்தான் அதிகம் வந்தன. அதுவும் அலுவலக நேரத்தில், மதியச் சாப்பாட்டு வேளையை ஒட்டி. உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று நம் பாட்டிமார் எச்சரித்தார்கள். ஆஸ்திரேலியப் பேயும் உச்சிவேளைப் பேயாக இருந்ததைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

2014 இறுதியில் அங்கே சுற்றுப்புற வானொலி இரைச்சலைக் கண்காணிக்கும் புதிய கருவியொன்றைப் பொருத்தினார்கள். 2015 ஜனவரியில் மூன்று பெரைட்டன்கள் வந்தன. அதே கணங்களில் புதிய கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏதோ ஒன்று கத்துவதைக் காட்டியது. 2.4 என்றால் மைக்ரோவேவ் அடுப்பு! ஆய்வு மாணவி எமிலி பெட்ரோஃபும் சக ஆய்வாளர்களும் ஒரு கோப்பைத் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சுட வைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி வைத்தார்கள், வரவில்லை. பிறகு யாருக்கோ மனித சுபாவம் நினைவுக்கு வந்தது. பசி நேரத்தில் யார் அந்த டிங் ஓசைக்காகக் காத்திருக்கிறார்கள்? நேரம் முடிவதற்குள் கதவை வெடுக்கென்று இழுத்தார்கள். பெரைட்டன் வந்துவிட்டது!

கதவைத் திறந்ததும் மின்சாரம் நின்றுவிடும். ஆனால் உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அடங்குவதற்குச் சிறிது நேரமாகும். அந்த இடைவெளியில், 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வழுக்கிச் செல்லும் ஒரு துடிப்பு திறந்த கதவு வழியே வெளியே தப்பிவிடுகிறது. தட்டு அப்போது சரியான கோணத்தில் திரும்பியிருந்தால் பிடித்துக்கொள்கிறது. 17 ஆண்டு மர்மம், யாரோ சாப்பாட்டைச் சுடவைத்த அவசரம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. உள்ளூர்ப் பேயை அடையாளம் கண்டு கழித்த பிறகு லோரிமரின் துடிப்பு அதனுடன் சேராமல் தனியே நின்றது. அந்த வகைத் துடிப்பொன்றின் பிறப்பிடத்தை 2017இல் கண்டுபிடித்தார்கள். சுமார் 300 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள சின்னஞ்சிறு விண்மீன் மண்டலம்!

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம், பின்னோக்கி 1964க்கு. நியூஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெலில் பெல் ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தமான பிரம்மாண்டக் கொம்பு வடிவ ஆண்டெனா. எக்கோ என்ற பலூன் செயற்கைக்கோளின் சமிக்ஞையை வாங்குவதற்காகக் கட்டியது. அந்த வேலை முடிந்ததும் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு இளைஞர்கள் வானியலுக்காக அதை எடுத்துக்கொண்டார்கள். அளக்க ஆரம்பித்த உடனே சிக்கல். இரைச்சல். சுமார் 3.5 கெல்வின் அளவில், நிற்காத, மாறாத ஓர் உஸ் சத்தம். நியூயார்க் நகரத்துப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு, எதிர்ப்பக்கம் திருப்பினாலும் அதே அளவு. பகல், இரவு, கோடை, குளிர் எதிலும் மாற்றமில்லை.

கொம்புக்குள் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே குறுகிய கதகதப்பான மூலையில் ஒரு ஜோடிப் புறா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது! சுவரெல்லாம் எச்சம். அதைப் பற்றிப் பேசும்போது பென்சியாஸ் வெள்ளை நிற மின்காப்புப் பொருள் என்று மரியாதையாகச் சொன்னார். எச்சமும் வானொலி அலையை வெளியிடும் அல்லவா, குற்றவாளி அகப்பட்டது என்றே நினைத்தார்கள். கூண்டு வைத்துப் புறாக்களைப் பிடித்து, நிறுவனத்தின் தபால் வண்டியில் விப்பனி என்ற ஊருக்கு அனுப்பி அங்கே பறக்கவிட்டார்கள். புறாவுக்கு வீட்டுக்கு வழி தெரியாதா? இரண்டொரு நாளில் திரும்பிவிட்டன. கடைசியில் சுட்டுவிட்டார்கள். இந்த இடம் எனக்கு இன்றும் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பாவம், அந்தப் புறாக்கள் மீது எந்தத் தப்பும் இல்லை. எச்சத்தைக் கழுவினார்கள், ஆணி இணைப்புகள்மீது அலுமினிய நாடா ஒட்டினார்கள். உஸ் சத்தம் அப்படியே இருந்தது.

சில பத்து கிலோமீட்டர் தள்ளி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியின் குழு அதே நேரத்தில் வேறொன்றைத் தேடிக் கருவி செய்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் சூடாகப் பிறந்திருந்தால் அந்தச் சூட்டின் மிச்சம் எல்லாத் திசையிலும் ஒரே சீராக இன்றும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு நண்பர் மூலம் சேதி தெரிந்து பென்சியாஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். டிக்கி குழுவுக்கு உடனே புரிந்துவிட்டது. தேடாமலே வேறு இருவர் விடையைக் கையில் வைத்திருக்கிறார்கள்! அந்த இரைச்சல் 1380 கோடி ஆண்டு வயதான பிரபஞ்சம், தனக்குச் சுமார் 3,80,000 வயதாக இருந்தபோது விட்ட ஒளி. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தப் புறாக்கூண்டு இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பழைய டிவியில் நிகழ்ச்சி முடிந்த பின் சடசடவென்று புள்ளி புள்ளியாக ஓடுமே, அதிலும் ஒரு சிறு பங்கு இந்த ஒளிதான். தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் பிரபஞ்சத்தின் பிறப்பைக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்!

ஜெனிவாவை ஒட்டி பூமிக்கு அடியில் இருக்கும், செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தின் சுரங்கத்தையும் எட்டிப் பார்த்துவிடுவோம். 27 கிலோமீட்டர் வட்டம். இன்றைய பெரிய மோதுகலத்துக்கு முன்னால், 1989 முதல் 2000 வரை, அங்கே லெப் என்ற எலக்ட்ரான் மோதுகலம் ஓடியது. துகள்களின் ஆற்றலை அவர்கள் அவ்வளவு நுட்பமாக அளந்ததில், அளவு தானாகக் கூடுவதும் குறைவதும் தெரிந்தது. பார்த்தால் காரணம் நிலா! கடலை ஏற்றி இறக்கும் அதே ஈர்ப்பு பாறையையும் இழுக்கிறது. அந்த 27 கிலோமீட்டர் வட்டம் நிலாவின் போக்குக்கு ஏற்ப சுமார் ஒரு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கியது.

அது தீர்ந்ததும் இன்னொன்று. காந்தப்புலத்தில் பகலெல்லாம் நடுக்கம், நள்ளிரவு தாண்டினால் அமைதி, விடியற்காலையில் மறுபடி நடுக்கம். என்னென்னவோ சோதித்தார்கள். ஒருநாள் பகலிலும் நடுக்கம் இல்லை. அன்று பிரான்சில் ரயில்வே வேலைநிறுத்தம்! ஜெனிவாவிலிருந்து பாரிஸ் போகும் அதிவேக ரயில் இழுக்கும் மின்சாரம் முழுவதும் தண்டவாளம் வழியாகத் திரும்புவதில்லை. ஒரு பகுதி மண்ணில் கசிந்து, ஆற்றில் இறங்கி, லெப் கருவியின் உலோகக் குழாய் வரை வந்திருக்கிறது. 1995இல் தண்டவாளத்திலும் குழாயிலும் ஒரே சமயத்தில் அளந்து பார்த்தார்கள். ரயில் கிளம்பும் கோடும் நடுக்கத்தின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. நொடிக்கு நொடி! ரயில்வே கால அட்டவணையை அணுத்துகள் ஆய்வுக்குள் இருந்தே படிக்கலாம் என்றால் எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

(அதே செர்னில் 2016 நவம்பரில் மின்கட்டமைப்புக்குள் புகுந்து இறந்துபோன, கீரி அளவிலான மார்ட்டென் என்ற விலங்கின் உடலை ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

பேய் எங்கே என்று கேட்பீர்கள். இதோ. இங்கிலாந்தில் 1980களின் தொடக்கத்தில், மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனமொன்றின் ஆய்வறையில் விக் டேண்டி என்ற பொறியாளர் வேலை பார்த்தார். அங்கே பேய் நடமாட்டம் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஒரு நாள் இரவு தனியாக இருந்தபோது அவருக்கு உடம்பு சில்லிட்டது, மயிர் கூச்செறிந்தது. ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் மெல்ல நகர்ந்தது. திரும்பினால் இல்லை. மனிதர் வீட்டுக்கு ஓடினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் வாள்வீச்சுப் போட்டி ஒன்றுக்காகத் தன் மெல்லிய வாளைச் சரிசெய்ய எடுத்து வந்தார். பட்டறைப் பிடியில் மாட்டிவிட்டு எண்ணெய் எடுக்கப் போனார். வந்து பார்த்தால், யாரும் தொடாமலே வாள் நுனி விறுவிறுவென்று ஆடிக்கொண்டிருக்கிறது! இங்கேதான் டேண்டியை எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது. பயப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர் அந்தப் பிடியைத் தரையில் தள்ளித் தள்ளி நகர்த்தி, எங்கே ஆட்டம் அதிகம், எங்கே குறைவு என்று பார்த்தார். அறையின் நடுவில் அதிகம். ஓரத்தில் இல்லை. புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறி, நொடிக்கு சுமார் 19 அதிர்வு கொண்ட, காதுக்குக் கேட்காத ஓசையை எழுப்பி, அறை நீளத்துக்கு ஒரு நிலையான அலையாக நிறுத்தியிருந்தது. விசிறி பொருத்திய விதத்தை மாற்றினார்கள். பேய் போய்விட்டது. 1998இல் டோனி லாரன்ஸுடன் சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார். கேளா ஓசை விழியை ஆட்டியதால் உருவம் தெரிந்தது என்பது அவர் கருத்து. அது எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று பின்னால் வந்த சோதனைகள் உறுதி செய்யவில்லை. வாள் ஆடியதில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் இப்படி நடப்பதுண்டு. வேல்ஸில் அபர்ஹோசன் என்ற குக்கிராமத்தில் பதினெட்டு மாதமாகத் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிட்டது. கம்பியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பொறியாளர்கள் விடியற்காலை மழையில் அலைமானியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள். ஒரு வீட்டில் காலை எழுந்ததும் போடும் பழைய டிவிதான் அந்த மின்னிரைச்சலைக் கிளப்பியிருக்கிறது. 2020 செப்டம்பரில் செய்தி வெளிவந்தது. வீட்டுக்காரர் கூசிப்போய், இனி அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

நம் ஊருக்கு வருவோம்! ஊட்டியில், 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஆய்வுக்குக் கிரேப்ஸ்-3 என்று பெயர். ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்துவது. அங்கே 3712 நீளமான இரும்புக் குழாய்களை அடுக்கி, 560 சதுர மீட்டர் பரப்பில், வானிலிருந்து இறங்கும் மியூவான் துகள்களை இரவுபகலாக எண்ணுகிறார்கள். கணக்கு என்றால் கோயில் உண்டியல் கணக்கெல்லாம் தோற்றுவிடும்!

இடியும் மின்னலுமான நாட்களில் அந்த எண்ணிக்கை திடீரென்று குறையும். 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமேகத்தின்போது 18 நிமிடத்துக்கு 2 சதவீதம் சரிந்தது. இடைஞ்சல் என்று அந்த நாட்களைத் தரவிலிருந்து கழித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். சுனில் குப்தாவின் குழு அப்படிச் செய்யவில்லை. மேகத்தின் மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலைக் கூட்டிக் குறைக்கிறது, அதனால் குறைந்த எண்ணிக்கையை வைத்து மேகத்துக்குள் எவ்வளவு வோல்ட் என்று கணக்கிடலாம் என்று உட்கார்ந்தார்கள். வந்த விடை 130 கோடி வோல்ட்! அதுவரை பலூன் அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்சம் 13 கோடிதான். இடிமேகத்துக்குள் 100 கோடி வோல்ட் இருக்கலாம் என்று சி. டி. ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். அதை முதன்முதலில் அளந்து காட்டியது ஊட்டி மலை. 2019இல் கட்டுரை வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நாம் உருளைக்கிழங்கும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும் ஊர் அது. எவ்வளவு பெருமைப்பட வேண்டும்!

கடைசி அறை, பின்கட்டிலும் பின்கட்டு. கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். தங்கம் எடுத்த அந்தக் குழிகளுக்குள் இயற்பியலாளர்களும் இறங்கினார்கள். ஆழத்துப் பாறை மற்றக் கதிர்களை வடிகட்டிவிடும், நியூட்ரினோ என்ற துகள் மட்டும் ஊடுருவும். பாறையே சுடுகிற அந்த 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழு வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் ஏறக்குறைய அதே சமயத்தில் பதிவானது. உலகில் முதல் தடவை!

அதே கருவிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விசித்திரப் பதிவுகளும் விழுந்தன. பாறையில் பிறக்க வேண்டிய தடங்கள், கருவிக்கு முன்னாலிருந்த வெற்றுக் காற்றில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டாகவும் மூன்றாகவும் அகலமாகப் பிரிந்து வந்தன. காற்றில் மோதுவதற்கு என்ன இருக்கிறது? ஏதோ புதிய, கனத்த துகள் பறந்துவந்து அங்கே சிதைந்ததா? கிருஷ்ணசாமி, எம். ஜி. கே. மேனன், நரசிம்மம் ஆகியோரும் ஜப்பானிய சகாக்களும் 1975இல் இதை அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தார்கள். கோலார் நிகழ்வுகள் என்று அவற்றுக்குப் பெயர். மற்ற இடங்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. தவறு இது என்று யாரும் காட்டவும் இல்லை. 2014இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், அது கரும்பொருள் சிதைந்ததன் தடமாக இருக்கலாமா என்று அந்தப் பழைய கோப்பை மறுபடி திறந்தார்கள்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. குழிகளில் தண்ணீர் நிற்கிறது. அங்கே இறங்கி மறுபடி பார்க்க வழியில்லை. ஆனால் 1975ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரை பிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் இருக்கிறது, சில பக்கங்கள்தான். இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கி ஒரு தடவை படித்துப் பாருங்கள். அந்த முடிச்சுக்கு இன்னும் சொந்தக்காரர் யாருமில்லை.